பதினோரு நாள் காத்திருந்தேன்

அவரைக் கொடியின் நுனித் தளிர்களில், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி கறுப்பாக அப்பிக் கிடந்ததைப் பார்த்த அன்றைக்கே மருந்து அடித்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முந்தைய கதை இது. மறுநாள் காலையில் கொடி துடைத்துவிட்டது போல இருந்தது. மூன்றாவது வாரம் முடிவதற்குள், முதலில் வந்ததைவிட அதிகமாக வந்துவிட்டது. திரும்பவும் அடித்தேன். இந்த முறை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை அடித்த பிறகு, அதுவரை என் தோட்டத்தில் பார்த்தே இராத செஞ்சிலந்திப் பேன் இலைகளின் அடியில் வலை பின்ன ஆரம்பித்தது. பந்தலில் இருந்த பத்துக் கொடிகளில் ஏழு காய்ந்து போயின.

மருந்து சரியில்லை, இன்னும் வீரியமானது வேண்டும் என்றே அப்போது நினைத்தேன். உண்மையில் என்ன நடந்தது என்பது பல மாதம் கழித்து, கைப்பேசியில் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. முதல் முறை மருந்தடித்த அன்று காலையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் அடியில், நட்டு நிறுத்தியது போல மஞ்சள் முட்டைகள் ஒரு கொத்து. பக்கத்து இலையில் கறுப்பாக, முதுகெல்லாம் முள்முள்ளாக, ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஒரு புழு. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்த நாலைந்து அசுவினிகள்.

முட்டைகள் பொறிவண்டு இட்டவை. முள் புழு அதே பொறிவண்டின் இளம்புழு. அதைத் தீங்கு செய்யும் பூச்சி என்று நினைத்து விரலால் நசுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. உப்பிப் போனவை, ஒட்டுண்ணிக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் புழு உள்ளிருந்தே தின்று தீர்த்த வெறும் கூடுகள். நான் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் வந்து வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு முடிவோடு இருந்தேன். அசுவினி வந்தால் தொடக் கூடாது. பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், எழுத வேண்டும். பந்தலில் பத்து நுனிகளில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் பத்து நுனிகளை மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பத்து நுனிகளிலும் சேர்த்து 46. நான்காம் நாள் 300-ஐத் தாண்டியது. ஐந்தாம் நாள் இரண்டு பொறிவண்டுகளும், பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் சிர்பிட் ஈ ஒன்றும் வந்தன. அந்த ஈயின் புழுவும் அசுவினியைத் தின்னும். ஆறாம் நாள் எண்ண முடியவில்லை. "ஏராளம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தளிர்கள் சுருண்டுவிட்டன. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் என்னடா பார்த்துக்கிட்டே நிக்கிற?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஏழாம் நாள் மஞ்சள் முட்டைக் கொத்துகள் மூன்று. ஒன்பதாம் நாள் உப்பிய பழுப்பு அசுவினிகள் பன்னிரண்டு. அன்று மாலை தெளிப்பானைக் கழுவி வைத்தேன். அடித்துவிடலாம் என்ற எண்ணம் அந்த அளவுக்கு வந்திருந்தது. பத்தாம் நாள் முட்டைகள் பொரிந்து, முள் புழுக்கள் கொடியில் ஊர ஆரம்பித்தன. பதினோராம் நாள், நூல் கட்டிய நுனிகளில் முதன்முதலாக இரண்டு நுனிகள் காலியாக இருந்தன. மூன்றாவது வாரக் கடைசியில் பத்து நுனிகளிலும் சேர்த்து 20-க்கும் குறைவு. கொடிகள் பத்தும் பிழைத்தன. விளைச்சல் முழுதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றுப் பூக்களில் நிறைய உதிர்ந்துவிட்டன.

அந்தப் பதினோரு நாள் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தேடிப் படித்ததில்தான் இந்த விஷயத்தின் மேல் எனக்குப் பெரிய ஈடுபாடே வந்தது. அசுவினிக்கு ஆண் துணை இல்லாமலே குட்டி போட முடியும். முட்டைகூட இல்லை, உயிருள்ள குட்டி. பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு ஏற்கெனவே வளர ஆரம்பித்திருக்கும். வெயில் சரியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் அது தாயாகிவிடும். பொறிவண்டோ முட்டையிலிருந்து முழு வண்டாக மாற மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறது. தின்னப்படுவது ஓட்டமாக ஓடுகிறது, தின்பது நடந்து வருகிறது. இடையில் விழும் அந்த இடைவெளியில்தான் நம் மனம் பதறுகிறது.

தாமதம் ஒரு பக்கம். எண்ணிக்கை இன்னொரு பக்கம். தின்பவை எப்போதும் குறைவாகவே இருக்கும், அதற்குக் காரணம் ஆற்றல். இலைமேல் விழும் வெயிலில் மிகச் சிறிய பங்கைத்தான், பல செடிகளில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான், செடி தன் உடம்பாக மாற்றுகிறது. அதைத் தின்னும் பூச்சி, தின்றதில் பெரும்பகுதியை மூச்சுவிடவும் நடமாடவும் செலவழித்துவிடுகிறது. ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது மட்டும்தான் அதன் உடம்பு. அடுத்து வரும் வேட்டைக்காரனுக்குக் கிடைப்பது அந்த உடம்புதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவது ஏறக்குறைய பத்தில் ஒன்று என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது கல்லில் எழுதிய கணக்கு இல்லை. இடத்தைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 20 வரை மாறும். வெப்ப இரத்தப் பிராணிகள் இன்னும் செலவாளிகள். பறவைகளும் பாலூட்டிகளும் தாங்கள் செரித்ததில் நூற்றுக்கு 1 முதல் 3 வரை மட்டுமே உடம்பாகச் சேர்க்கின்றன. மீதியெல்லாம் உடல் சூட்டுக்கும் நடமாட்டத்துக்கும் போய்விடுகிறது. பூச்சிகளும் சிலந்திகளும் அதைவிடப் பல மடங்கு சிக்கனம்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர் ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மின்னசோட்டாவில் உள்ள சீடார் பாக் என்ற சின்ன ஏரியில் பாசி, மிதவை உயிர்கள், பூச்சிகள், மீன்கள் எல்லாவற்றையும் எடுத்து, எதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, அது எங்கே போகிறது என்று பார்த்தார். அவர் எழுதிய கட்டுரையை முதலில் மதிப்பாய்வாளர்கள் நிராகரித்தார்கள். பிறகு 1942-இல் அது வெளிவந்தது. வெளிவருவதற்குச் சில மாதம் முன்பே, 27 வயதில், அவர் நோயால் இறந்துவிட்டார். அச்சில் பார்க்காமல் போன அந்தக் கட்டுரைதான் ஆற்றல் ஓட்டத்தைப் பற்றிய படிப்புக்கே அடித்தளம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

இதை என் பந்தலுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஆயிரம் அசுவினி இருக்கும் இடத்தில் பொறிவண்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்க முடியும். மருந்து இரண்டு பக்கத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறைக் கொன்றது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய நூறு அசுவினிக்குத் தின்னக் கொடி முழுக்க இருக்கிறது. மிஞ்சிய ஒன்றிரண்டு பொறிவண்டுக்குத் தின்ன ஒன்றும் இல்லை; அவை பறந்துவிடும் அல்லது பட்டினியில் சாகும். அசுவினிக்கு நான் செய்து கொடுத்தது வேட்டைக்காரன் இல்லாத விருந்து.

இதே விஷயத்தை மீன்கள் வழியாகக் கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தக் காலத்துச் சந்தைக் கணக்குகளைப் பார்த்த உம்பர்த்தோ தங்கோனா என்ற உயிரியலாளர், பிடிபட்ட மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருப்பதைக் கவனித்தார். கணித அறிஞர் வீட்டோ வோல்ட்டேராவிடம் காரணம் கேட்டார். வோல்ட்டேரா 1926-இல் சமன்பாடு போட்டு விடை சொன்னார்: இரையையும் வேட்டையாடியையும் ஒரே கையால் அள்ளினால், நட்டம் வேட்டையாடிக்குத்தான், அள்ளுவதை நிறுத்தினால் லாபமும் அதற்கே. வலையாக இருந்தாலும் மருந்தாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் இது கண்ணுக்கு எதிரே நடந்தது. பஞ்சுபோன்ற செதில் பூச்சி அந்தத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, 1888-இலும் 1889-இலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டே ஆண்டில் பூச்சி அடங்கியது. 1940-களில் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தபோது சில தோட்டங்களில் அந்தப் பொறிவண்டு அழிந்தது. அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடியும் கிளம்பியது. என் பந்தலில் வந்த செஞ்சிலந்திப் பேனும் இதே வழியில் வந்ததுதான். அதைத் தின்னும் சிறு பேன்கள் மருந்தில் செத்துவிட்டன.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காத்திருந்த அந்த ஆண்டு, பந்தலின் வடக்கு மூலையில் இருந்த இரண்டு கொடிகளில் மட்டும் அசுவினி குறையவே இல்லை. அங்கே எறும்பு வரிசை இருந்தது. பொறிவண்டு வந்து உட்கார்ந்தால் நாலைந்து எறும்புகள் சேர்ந்து கடித்து விரட்டின. அசுவினி உறிஞ்சுவது செடியின் சர்க்கரைச் சாறு. அதில் சர்க்கரை அதிகம், உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்கள் குறைவு. அந்தக் கொஞ்சத்தைப் பெற நிறைய சாறு உறிஞ்ச வேண்டியிருக்கிறது, மிஞ்சும் சர்க்கரையைத் துளித்துளியாகப் பின்னால் விடுகிறது. அதுதான் எறும்புக்குத் தேன். போதாத அமினோ அமிலங்களைச் செய்து கொடுக்க அசுவினியின் உடம்புக்குள்ளேயே பக்னெரா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது வாழாது. ஆக ஒரு தளிரின் மேல் நான் பார்த்தது செடி, அசுவினி, அதற்குள் நுண்ணுயிர், வெளியே காவலுக்கு எறும்பு, வாசலில் பொறிவண்டு. தின்பதும் கொடுத்து வாங்குவதும் ஒரே அங்குல இடத்தில்.

எறும்புக்கு மருந்து வைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அதே எறும்புகள்தான் வேறு செடிகளில் சின்னப் புழுக்களை இழுத்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் எறும்பை விட்டுவிட்டு, வழியை மட்டும் அடைத்தேன். பந்தல் கால்களிலும் கொடியின் அடித்தண்டிலும் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவினேன். துணி இல்லாமல் நேராகத் தண்டில் தடவினால் செடிக்கு ஆகாது. பந்தலைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்துச் செடியின் கிளைகளையும் வெட்டிவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறிவிடும். நான்கு நாளில் அந்த மூலையிலும் பொறிவண்டு தங்க ஆரம்பித்தது. எந்த உயிரையும் கொல்லாமல் ஓர் உறவை மட்டும் துண்டித்தால் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் தோட்ட வாழ்க்கையில் இதுவே எனக்கு அதிகம் பயன்பட்ட பாடம்.

காத்திருப்பது எல்லா நேரத்துக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து இலை மட்டுமே உள்ள நாற்றில் அசுவினி ஏறினால் பதினோரு நாள் தாங்காது. இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளிவிடுகிறேன். விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக வந்து நெளிந்தால் அது அசுவினி கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும். மற்றபடி, எதையாவது செய்யத் தோன்றும்போது முதலில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். மஞ்சள் முட்டை, முள் புழு, காலில்லாத சிர்பிட் புழு, உப்பிய பழுப்புக் கூடு: இவற்றில் ஏதாவது இரண்டு கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டியில் நான் கற்றதும் இதே ஆற்றல் கணக்கைத்தான், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. தும்பிகள் வரட்டும் என்று ஒரு சிமெண்ட் தொட்டியில் நீர் நிரப்பி, பன்னிரண்டு சின்ன மீன் விட்டேன். தினமும் இரண்டு வேளை தீவனம் போட்டேன். ஒரு மாதத்தில் தண்ணீர் கரும்பச்சை ஆனது. ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்கு செத்து மிதந்தன. பத்து மணிக்கு மிஞ்சியவை நன்றாக நீந்தின. நோய் என்று நினைத்துத் தண்ணீரில் மருந்து கலந்தேன். அடுத்த விடியலில் இன்னும் இரண்டு போயின.

நோயாக இருந்தால் பகலிலும் சோர்ந்திருக்கும். விடியலில் மட்டும் திணறினால் அது ஆக்ஸிஜன் பற்றாக்குறை. பகலில் பாசி ஆக்ஸிஜனைக் கொடுக்கிறது. இரவில் பாசியும் மூச்சுவிடுகிறது, மீனும் மூச்சுவிடுகிறது. அதைவிட அதிகமாக, அடியில் சேர்ந்த தீவனத்தையும் கழிவையும் தின்னும் பாக்டீரியா மூச்சுவிடுகிறது. கையிருப்பு விடியும்போது தீர்ந்துபோகிறது. சூடான தண்ணீரில் கையிருப்பே குறைவு: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். தொட்டிமேல் விழும் வெயில் எத்தனை மீனுக்கு உணவு தருமோ, அதற்கு மேல் நான் மீன் விட்டிருந்தேன். குறையை வெளியிலிருந்து தீவனமாகக் கொட்டினேன். அந்த ஆற்றலில் பெரும்பங்கு மீனுக்குப் போகவில்லை, அடிமண்டிக்குப் போனது.

இப்போது அதே தொட்டியில் மூன்று மீன். தீவனமே போடுவதில்லை. பாதி நீர்ப்பரப்பை மூடும் அளவுக்கு நீர்ச்செடி இருக்கிறது. பாசியைத் தின்னும் டாப்னியா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சிகள் தாமாகவே வந்தன. கொசுப்புழுவையும் டாப்னியாவையும் தின்று மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒளியை எதிரே பிடித்துப் பார்த்தால் டாப்னியா நிறைய தெரியும், பாசியோ தண்ணீரில் இருப்பதே தெரியாது. தின்பது அதிகமாக, தின்னப்படுவது குறைவாக இருக்கிறதே என்று முதலில் குழம்பினேன். பாசி ஒரே நாளில் இரட்டிப்பாகும். வந்த வேகத்தில் தின்னப்பட்டுவிடுகிறது. கையில் இருக்கும் இருப்பு சிறியது, தினசரி வரவு பெரியது.

மட்குக் குவியலைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. இலைச் சருகைக் கூட்டி எரிப்பதுதான் என் வழக்கமாக இருந்தது. ஒரு முறை எரிக்காமல், பச்சை இலையோடு கலந்து இடுப்பு உயரத்துக்குக் குவித்துத் தண்ணீர் தெளித்து வைத்தேன். நான்காம் நாள் உள்ளே கையை விட்டவன் சட்டென்று எடுத்துவிட்டேன். வெப்பமானியைச் செருகினால் 58 டிகிரி. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும் என்ற வாக்கியத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது என் விரல் நுனியைச் சுட்டபோதுதான் அது உண்மை என்று உடம்புக்குத் தெரிந்தது. சில மாதங்களாக இலைகள் வாங்கி வைத்த வெயிலை, பாக்டீரியாவும் பூஞ்சையும் செலவழித்துக்கொண்டிருந்தன. மூன்று மாதத்தில் குவியல் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. ஆற்றல் போய்விட்டது, திரும்ப வராது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணில் மிஞ்சின, திரும்பச் செடிக்குப் போயின.

காட்டில் விளையும் இலையில் பெரும்பகுதியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. அது விழுந்து, சருகாகி, இந்த மட்க வைக்கும் உயிர்கள் வழியாகத்தான் போகிறது. புலியும் மானும் உள்ள உணவுச் சங்கிலி படத்தில் பெரிதாக இருக்கும்; ஆற்றலின் அகலமான வழி காலடியில் இருக்கிறது.

இது என் அசுவினியோடு எப்படிச் சேர்ந்தது என்று சொல்கிறேன். மூன்றாம் ஆண்டிலிருந்து சருகை எரிக்காமல் கொடிகளின் அடியிலேயே நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன், தண்டை மட்டும் தொடாமல். சருகுக்குள் வால்துள்ளிகள் என்கிற மிகச் சிறிய துள்ளும் உயிர்கள் பெருகின. அவற்றைத் தின்னச் சிலந்திகளும் தரை வண்டுகளும் வந்து தங்கின. கொடியில் பூச்சி எதுவும் இல்லாத மாதங்களிலும் அவற்றுக்குச் சாப்பாடு இருந்தது. அசுவினி வந்தபோது வேட்டைக்காரர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. வெளியிலிருந்து பறந்து வருபவைகளுக்கு என்று பந்தல் ஓரத்தில் சிறுபூக்கள் கொத்தாகப் பூக்கும் செடிகளை விட்டுவைத்தேன். சிர்பிட் ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும் வளர்ந்த பிறகு தேனையும் மகரந்தத்தையும் நம்பித்தான் வாழ்கின்றன. பந்தலில் நான்கைந்து நுனிகளில் கொஞ்சம் அசுவினி எப்போதும் இருக்கட்டும் என்றும் விட்டுவிட்டேன். இரை அடியோடு தீர்ந்தால் பொறிவண்டு தங்காது.

நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை முதன்முதலாக இறங்கிய நாளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். காத்திருந்த முதல் ஆண்டில் பதினோராம் நாள். அடுத்த ஆண்டு ஒன்பதாம் நாள். அதற்கடுத்து ஏழு. இந்த ஆண்டு போன செவ்வாய்க்கிழமை முதல் அசுவினியைப் பார்த்தேன், நூல் கட்டினேன். இன்று நான்காம் நாள். பத்து நுனிகளிலும் சேர்த்து 112. ஆறாவது நுனியின் அடி இலையில் மஞ்சள் முட்டைகள் ஒரு கொத்து இருக்கின்றன.